லேபிள் போனால் சரக்கும் போச்சு: எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை மூடப்படும் விதம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு வகைக் கடை. பல்லாண்டுகளாக ஒரே தெருவில் இருக்கும். கவுன்ட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிராயர்கள். ரெசிஸ்டரை ரெண்டு ரெண்டாக எண்ணிக் கொடுப்பார்கள். டிரான்சிஸ்டர் நம்பரைச் சொன்னால், "அது வர்றதில்லை, இதைப் போடுங்க, ஆனா கால் மாறும்" என்று பதில் வரும். இப்படிப்பட்ட கடை ஏன் மூடுகிறது, மூடும் மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது, மிஞ்சிய சரக்கில் எது உயிரோடு இருக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மூடுவதைத் தவிர்க்க முடியாத நிலை பல கடைகளுக்கு வந்துவிட்டது. மூடும்போது நடக்கும் நாசத்தைத் தவிர்க்கலாம். இந்தக் கட்டுரைக்கு அதுதான் மையம்.

8.2 மெகா ஓம் டிராயர்

வாடகை ஏறியது, ஆன்லைன் வந்தது என்று இரண்டு காரணத்தைச் சொல்லி எல்லோரும் முடித்துவிடுவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கணக்கு டிராயருக்குள் இருக்கிறது.

ரெசிஸ்டர் மதிப்புகள் சர்வதேசத் தரப்படி வரிசைப்படுத்தப்பட்டவை. சில்லறைக் கடை வைத்திருக்கும் வரிசையில் ஒவ்வொரு பத்து மடங்கு இடைவெளிக்கும் 12 மதிப்புகள்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஒரு ஓமிலிருந்து 10 மெகா ஓம் வரை ஏழு பத்து மடங்குகள். ஏழு பன்னிரண்டு 84, கடைசி 10 மெகாவையும் சேர்த்து 85 டிராயர். கால் வாட்டுக்கு மட்டும் இவ்வளவு. அரை வாட், ஒரு வாட் என்று சேர்த்தால் இருநூற்றைம்பதைத் தாண்டும். இன்னும் கெப்பாசிட்டர், டையோடு, ஐசி எதையும் தொடவில்லை.

கடைக்காரர் மொத்தமாக வாங்கும்போது ஒரு மதிப்புக்கு ஒரு கட்டு என்பது வழக்கமாக 1,000. விற்பது ரெண்டு, அஞ்சு, பத்து. 1 கிலோ ஓம், 4.7 கிலோ, 10 கிலோ, 100 ஓம் எல்லாம் ஓடும் சரக்கு. அந்தக் கட்டுகள் கரைந்துகொண்டே இருக்கும். 8.2 மெகா ஓம் அப்படி இல்லை. ஒருவருக்கு ரெண்டு வீதம் கொடுத்தால் ஆயிரம் தீர 500 வாடிக்கையாளர் வேண்டும். வருஷத்துக்கு ஐந்து பேர் கேட்டால் அந்த டிராயர் காலியாக 100 வருஷம் ஆகும். அந்த 100 வருஷமும் டிராயர் இருக்கும் இடத்துக்கு வாடகை உண்டு.

அப்படியானால் 8.2 மெகாவை வைக்காமல் விட்டுவிடலாமே? முடியாது. "அங்கே போனால் இருக்கும்" என்ற நம்பிக்கையில்தான் ஆள் கடைக்கு வருகிறார். ஓடாத பத்து டிராயரை எடுத்துவிட்டால், பத்துப் பொருள் வாங்க வந்தவர் ஒன்பதை இங்கே வாங்கி ஒன்றை வேறெங்கோ தேட வேண்டும். இரண்டாவது தடவை பத்தையும் வேறிடத்திலேயே வாங்கிவிடுவார். ஓடாத சரக்குதான் ஓடும் சரக்கை விற்றுக் கொடுக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க எந்த உதிரிபாகக் கடைக்கும் வழி கிடைக்கவில்லை.

அஞ்சலில் அனுப்பும் பெரிய கிடங்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரே டிராயர், கேட்பவர்கள் உலகம் முழுக்க. அக்கம்பக்கத்துக் கடையில் நூறு வருஷம் கிடக்கும் ஆயிரம் ரெசிஸ்டர் அங்கே சில நாட்களில் தீர்ந்துவிடும். விலைப் போட்டியைத் தெருக்கடை ஓரளவு சமாளித்திருக்கும். இந்தப் போட்டியைச் சமாளிக்கவே முடியாது.

மெக்கானிக் வருவது நின்றது

கடையின் கல்லாவை நிரப்பியவர் பொழுதுபோக்குக்குச் சர்க்யூட் கட்டும் ஆள் இல்லை. தினமும் வரும் மெக்கானிக். படக்குழாய் டிவி காலத்தில் ஒரு பழுதுக்கு இரண்டு மூன்று பாகம் தேவைப்படும். ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் கூடவே ஃபியூசபிள் ரெசிஸ்டர், சில நேரம் பிளைபேக். வெர்டிகல் ஐசி போனால் பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டரும் சேர்த்து. டேப் ரெக்கார்டர் என்றால் பெல்ட், பிஞ்ச் ரோலர், ஹெட். கடையிலிருந்து ஒர்க்ஷாப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை.

தட்டை டிவி வந்ததும் பழுதின் அலகே மாறியது. பவர் போர்டு, மெயின் போர்டு, டி-கான் போர்டு என்று பலகையாக மாற்றும் வேலை. பலகையில் இருப்பது மேற்பரப்பில் ஒட்டும் சிறு பாகங்கள். கெட்டது எது என்று தேடும் நேரத்தில் வேறு பலகையே வந்துவிடும். எத்தனை மாடலோ அத்தனை பலகை. அவ்வளவையும் இருப்பு வைக்கத் தெருக்கடைக்கு முதல் கிடையாது. பவர் போர்டில் உப்பிய கெப்பாசிட்டரை மாற்றும் வேலை மட்டும் மிஞ்சியது. அதுவே பல கடைகளை இன்னும் சில ஆண்டுகள் தாங்கியது.

இந்தக் கட்டத்தில் கடைக்காரர் இரண்டு பாதைகளைப் பார்க்கிறார். ஒன்று, டிராயர் சுவரில் பாதியை எடுத்துவிட்டுச் செல்போன் கவர், சார்ஜர், ஹெட்போன் தொங்கவிடுவது. இன்னொன்று, கொள்முதலைக் குறைத்து இருக்கும் சரக்கை விற்றுக்கொண்டே போவது. இரண்டும் எங்கே கொண்டு விடும் என்பதற்குப் பெரிய சங்கிலிக் கடைகளே சான்று.

பெரிய கடைகள் விழுந்த விதம்

அமெரிக்காவின் ரேடியோஷாக் 1921ல் பாஸ்டனில் தொடங்கியது. வானொலி ஆர்வலர்களுக்கும் கப்பல் ரேடியோக்காரர்களுக்கும் பாகம் விற்ற கடை; 1977ல் டிஆர்எஸ்-80 கணினியை அலமாரியில் வைத்த கடையும் அதுவே. பிற்காலத்தில் கடையின் முன்பகுதி முழுக்கச் செல்போன்; உதிரிபாகம் பின்மூலையில் இழுப்பறைகளுக்குள் ஒடுங்கியது. போன் விற்பனையில் கிடைக்கும் கமிஷனைத் தீர்மானிப்பது தொலைபேசி நிறுவனம். கடைக்காரர் கையில் எதுவும் இல்லை. 2014 மார்ச்சில் 1,100 கடைகள் வரை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. கடன் கொடுத்தவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நட்டத்தில் ஓடும் கடையை மூடக்கூட அனுமதி வேண்டிய நிலை. 2015 பிப்ரவரி 5ல் திவால் மனு, 2017 மார்ச்சில் மறுபடியும் ஒன்று.

அந்தத் திவாலில் எந்தச் சிறு கடைக்கும் பாடமாகும் ஒரு விஷயம் உண்டு. விற்பனைக்கு வந்த சொத்துகளில் 11 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்களும் இருந்தன. அவற்றை விற்க மாட்டோம் என்று நிறுவனமே முன்பு வாக்குக் கொடுத்திருந்தது. மாநில அரசு வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு பகுதிதான் கைமாறியது. தெருக்கடையில் அது போன் நம்பர் எழுதிய நோட்டாக இருக்கும். சரக்கை வாங்க வருபவர் அதையும் சேர்த்துக் கேட்பார். கொடுக்கக் கூடாது. மெக்கானிக்குகளுக்கு நாமே தகவல் சொல்லிவிட்டு நோட்டைக் கிழித்துவிட வேண்டும்.

பிரிட்டனின் மேப்ளின் 1972ல் அஞ்சல் வழி உதிரிபாக வியாபாரமாகத் தொடங்கி 200க்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்தது. 2018 பிப்ரவரி 28ல் நிர்வாகம் வெளியாள் கைக்குப் போனது. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சரக்கு கொடுப்பவர்களுக்கான கடன் காப்பீடு விலக்கிக்கொள்ளப்பட்டது. இதைத் தெரு மொழியில் சொன்னால், இத்தனை நாள் கடனுக்குச் சரக்கு இறக்கியவர் திடீரென்று கைப்பணம் கேட்டார். எந்தக் கடையும் கடைசியில் அங்கேதான் மூச்சுத் திணறும். கலிபோர்னியாவில் 1985ல் தொடங்கிய ஃப்ரைஸ் இதே சிக்கலுக்கு வேறொரு வழி தேடியது: விற்ற பிறகு பணம், விற்கும்வரை சரக்கு உங்களுடையது என்று கொடுப்பவர்களிடம் கேட்டது. ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. அலமாரிகள் காலியாகி, 2021 பிப்ரவரியில் மொத்தமும் மூடியது.

ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் கதை கொள்முதல் செய்பவர்களுக்கானது. எது விற்கும் என்று பார்ப்பதற்குப் பதிலாக எதை வாங்கினால் சப்ளையர் தள்ளுபடி தருவார் என்று பார்த்து வாங்கியதில் ஓடாத சரக்கு குவிந்தது. 2016 தொடக்கத்தில் நிறுவனம் ரிசீவர், அதாவது கடன் கொடுத்தவர்கள் நியமித்த ஆள், கைக்குப் போனது. பரிசு அட்டை வைத்திருந்தவர்களும் முன்பணம் கட்டியவர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். "ஆயிரம் எடுத்தால் இருநூறு இலவசம்" என்ற அதே தூண்டில் தெருக்கடைக்கும் வரும்.

டோக்கியோவின் அகிஹபாராவில் ரேடியோ ஸ்டோர் என்ற அங்காடி வேறு மாதிரி. ஒரே கூரையின் கீழ் குட்டிக் குட்டிக் கடைகள். ஒருவர் வயர் மட்டும், ஒருவர் ஸ்விட்ச் மட்டும், ஒருவர் டிரான்ஸ்பார்மர் மட்டும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொடங்கி 2013 நவம்பர் 30 வரை நடந்தது. ஓடாத சரக்கின் சுமையைப் பல பேர் பங்குபோட்டுக்கொண்டதால் அவ்வளவு காலம் நின்றது என்றே கருத வேண்டும்.

மூடும் ஆறு மாதம்

மூடுவது என்று முடிவானதும் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேபினெட்டையும் நேர் முன்னாலிருந்து படம் எடுக்க வேண்டும்; லேபிள் எழுத்துப் படிக்கும் அளவுக்குக் கிட்டத்தில். கேபினெட்டுக்கு ஓர் எழுத்து, வரிசைக்கு ஓர் எண், பத்திக்கு ஓர் எண். பிறகு எடை வைத்து எண்ணலாம்: ஒரு மதிப்பில் 100 எண்ணி எடை பார்த்து, மொத்த எடையை அதால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். இதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். மளிகைத் தராசில் கணக்கு வராது.

முதல் மாதத்திலேயே சப்ளையர் திருப்பி எடுக்கும் சரக்கைப் பிரிக்க வேண்டும். பிரிக்காத கட்டு, கிழியாத பெட்டி, பில் இருப்பது. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் யாரோ நாலு பீஸ் உருவியிருப்பார்கள்; கட்டு திரும்பாது. முன்பணம், ரிப்பேருக்கு விட்டுப்போன சாமான், வாரன்ட்டி இருக்கும் சாமான் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதி, உரியவர்களுக்குத் தேதியோடு தகவல் சொல்லி, மூடும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அடுத்து வருவது தள்ளுபடி விற்பனை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தள்ளுபடி என்று பலகை எழுதுவதுதான் வழக்கம். அதுதான் பெரிய தவறு. முதல் வாரத்திலேயே 555 டைமர், 7805, 1என்4007, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எல்லாம் பறந்துவிடும். மிஞ்சுவது 8.2 மெகாவும் அதன் சொந்தக்காரர்களும். ஓடும் சரக்கு இல்லாமல் ஓடாத சரக்கை யாரும் தொட மாட்டார்கள். தொகுதியாக விற்பதுதான் வழி: கால் வாட் ரெசிஸ்டர் 85 மதிப்பும் சேர்ந்து ஒரு தொகுதி, மதிப்புக்கு 50 அல்லது 100. ஆயிரம் ஆயிரமாக இருந்தால் மதிப்புக்கு நூறு வைத்துப் பத்துத் தொகுதி கட்டலாம். பள்ளி, பாலிடெக்னிக், தனியாக ஒர்க்ஷாப் தொடங்குபவர் என்று அதற்கு ஆள் கிடைக்கும்.

இனி சொல்வது கண்ணெதிரே நடக்கும் கொலை. கடை மூடுகிறது என்றதும் முதலில் விலை பேசப்படுவது டிராயர் கேபினெட். தச்சர், ஆணி வியாபாரி, தையல்காரர், மணி மாலை கோர்ப்பவர் எல்லோருக்கும் அது வேண்டும். கையில் பணம் வருகிறதே என்று கடைக்காரர் கொடுத்துவிடுவார். டிராயரிலிருந்த சரக்கு சாக்குக்குப் போகும். 85 மதிப்பு ரெசிஸ்டரும் ஒரே சாக்கில்.

அந்தச் சாக்கைத் திரும்பப் பிரிக்க என்ன ஆகும்? ஒரு ரெசிஸ்டரின் நிறக்கோட்டைப் படித்து உரிய இடத்தில் போட ஐந்து நொடி என்று தாராளமாகவே வைப்போம். 85,000 ரெசிஸ்டருக்கு 4,25,000 நொடி, 118 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாக ஒருவருக்குப் பதினைந்து நாள். பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத மங்கிய கோடுகளை மீட்டரில் அளக்கும் நேரம் தனி. யாரும் செய்ய மாட்டார்கள். சாக்கு நேரே பழைய இரும்புக் கடைக்குப் போகும். டிராயரில் பெயரோடு இருந்தவரை அது சரக்கு.

ஆகவே கட்டும் வரிசையை இப்படி வைக்க வேண்டும்: தன் மேல் பெயர் இல்லாத பாகம் முதலில், பெயர் தெளிவாக உள்ளது கடைசியில். மேற்பரப்பில் ஒட்டும் செராமிக் கெப்பாசிட்டரில் எழுத்தே கிடையாது. ரீலிலிருந்து கழன்றால் அதோடு கதை முடிந்தது. கண்ணாடி உடல் ஜீனரில் (குறிப்பிட்ட வோல்ட்டில் தலைகீழ் திசையிலும் கடத்தும் டையோடு) எழுத்து உண்டு, ஆனால் டிராயரில் உரசி உரசி அழிந்திருக்கும். நிறமில்லாத உடல் கொண்ட எல்ஈடி எந்த நிறத்தில் எரியும் என்று பார்த்தால் தெரியாது. காயில், பெல்ட், ஸ்பிரிங், டேப் ஹெட், ரிமோட்டின் ரப்பர் பட்டன் தகடு எல்லாம் இதே ரகம். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் பெரிய டிரான்சிஸ்டரும் தங்கள் பெயரைத் தாங்களே சுமப்பவை. அவை கலந்தாலும் பிரித்துவிடலாம்.

ஒவ்வொரு டிராயரும் ஒரு ஜிப் கவர். டிராயர் முகப்பு லேபிளை உரித்துக் கவருக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டினால் பசை காய்ந்து விழும். கவரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டக் கூடாது. ரப்பரிலும் மலிவு அட்டையிலும் உள்ள கந்தகம் வெள்ளிப் பூச்சுள்ள கால்களைக் கறுக்க வைக்கும். கறுத்த காலில் ஈயம் பிடிக்காது.

ஏற்கெனவே கலந்துவிட்ட ஜீனர்களை மீட்க ஒரு சின்ன ஏற்பாடு போதும். 30 வோல்ட் டிசி சப்ளை, தொடரில் 2.2 கிலோ ஓம், ஜீனரைத் தலைகீழ் திசையில் மாட்டி அதன் குறுக்கே மீட்டர். 5.1 வோல்ட் ஜீனர் என்றால் சுமார் 11 மில்லி ஆம்பியர் ஓடும். 400 மில்லிவாட் ஜீனருக்கு அது ஆபத்தில்லை. 24 வோல்ட் வரை இதே அமைப்பில் தெரியும். மீட்டர் 0.7 காட்டினால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முழு 30 காட்டினால் அது சாதா டையோடு, அல்லது உள்ளே அறுந்தது, அல்லது அதைவிட உயர்ந்த ஜீனர்.

மிச்ச சரக்கில் எது நல்லது

மூடும் கடையில் மொத்தமாக வாங்குபவரும், கடைசிவரை விற்கும் கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. வருஷக்கணக்காகக் கிடந்த எல்லாம் கெட்டுவிட்டது என்பதும் தவறு, புதுசு போலவே இருக்கிறது என்பதும் தவறு.

மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், செராமிக் டிஸ்க், சிலிக்கான் டையோடு, பிளாஸ்டிக் உடல் ஐசி எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது காலில் துரு இருக்கிறதா, ஈயம் பிடிக்கிறதா என்பதுதான். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் ஈரம் குடித்து மதிப்பு ஏறியிருக்கும். ஒவ்வொன்றாக அளக்காமல் போடக் கூடாது. ஐசிகளைக் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்திருந்தால் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசுபிசுத்துக் கரைந்து காலை அரித்துவிடும். ரப்பர் பெல்ட் தார் போல் உருகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தால் பெட்டியோடு தூக்கிப் போடவும். பிரித்த பாக்கெட்டில் கிடந்த மேற்பரப்பு ஐசி ஈரம் உறிஞ்சியிருக்கும். சூடு காட்டும்போது உள்ளே ஆவியாகி உடல் வெடிக்கும். உலர்த்திவிட்டுத்தான் போட வேண்டும்.

ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையிலான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களில் ஒரு விசேஷக் கோளாறு. உலோக மூடிக்குள் தகர மயிரிழைகள் வளர்ந்து மூடிக்கும் மற்றக் கால்களுக்கும் ஷார்ட் ஆகும். உபயோகிக்காமல் டிராயரில் கிடந்ததும் தப்பாது. நாலு காலில் மூடிக்குப் போகும் ஷீல்டு காலை வெட்டிவிட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

நின்று பார்க்க வேண்டியது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். மூடும் கடையில் எண்ணிக்கையில் அதிகமும் அதுதான், சந்தேகமும் அதன் மேல்தான். உள்ளே அலுமினியத் தகட்டில் உள்ள ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. பல வருஷம் மின்சாரம் படாமல் கிடந்தால் படலம் மெலிகிறது. அப்படியே சர்க்யூட்டில் போட்டு முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் எகிறி, சூடாகி, மூடி பிளக்கும். மெதுவாக மின்னூட்டினால் படலம் திரும்ப வளரும்.

1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் கண்ணால்: தலை உப்பியிருந்தாலோ, அடியில் ரப்பர் அடைப்பைச் சுற்றி ஈரம், பிசுக்கு, பச்சை பூத்திருந்தாலோ சோதனைக்கே எடுக்க வேண்டாம். நன்றாக இருந்தால் 16 வோல்ட் சப்ளையோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, பிளஸ் மைனஸ் சரி பார்த்து மாட்டவும். மீட்டரை ரெசிஸ்டரின் குறுக்கே வைக்கவும். அங்கே காட்டும் ஒரு வோல்ட் என்பது ஒரு மில்லி ஆம்பியர்.

நல்ல கெப்பாசிட்டரில் மீட்டர் 16லிருந்து விறுவிறுவென இறங்கி ஐந்தாறு நொடியில் 0.1 பக்கம் வந்துவிடும். வெகுநாள் கிடந்தது 2, 3 வோல்ட்டில் தயங்கி நிற்கும், பிறகு அங்குலம் அங்குலமாக இறங்கும், படலம் வளர்கிறது. ஒரு மணி நேரம் விடலாம். பொதுவான வரம்பு, மைக்ரோஃபாரட்டையும் வோல்ட்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வரும் மைக்ரோ ஆம்பியர். இதற்கு 160, மீட்டரில் 0.16 வோல்ட். ஒரு மணி நேரம் கழித்தும் அதற்கு மேலேயே நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ தள்ளிவிடவும். தேறியதை 1 கிலோ ஓம் வழியாக வெறுமையாக்கி, கெப்பாசிட்டன்ஸும் ஈஎஸ்ஆரும் (கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தொடர் மின்தடை) அளந்து, தேதி எழுதிய கவரில் போடவும். மதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே திரவம் உலர்ந்துவிட்டது. எவ்வளவு மின்னூட்டினாலும் திரும்பாது.

400 வோல்ட் கெப்பாசிட்டர்களில் இதே சோதனை உயிரோடு விளையாட்டு. 100 மைக்ரோஃபாரட் 400 வோல்ட்டில் 8 ஜூல் தேக்கி வைத்திருக்கும். தொடர் ரெசிஸ்டரைக் கூட்டி, வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றி, மூடிய பெட்டிக்குள் செய்பவர் மட்டுமே செய்ய வேண்டும்.

குப்பைக்கோ நன்கொடைக்கோ போகக் கூடாதவையும் இருக்கும். லித்தியம் பட்டன் செல், 9 வோல்ட் பேட்டரி எல்லாவற்றுக்கும் முனையில் டேப் ஒட்டவும். ஒரே டப்பாவில் உருளவிட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். நிக்கல் காட்மியம் பேக், பாதரச ஸ்விட்ச், 1980களுக்கு முந்தைய எண்ணெய் நிரப்பிய பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் அபாயக் கழிவு. உயர் அலைவரிசைப் பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் பகுதி பெரிலியம் ஆக்சைடாக இருக்கக்கூடும். அதை உடைக்கவோ ராவவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் நோட்டு

சரக்கு எடுத்துப்போனவர்கள் யாரும் கேட்காத பொருள் ஒன்று ஒவ்வொரு கடையிலும் உண்டு. ஓரம் கிழிந்த ஒரு நோட்டு. அல்லது டேட்டா புக்கின் ஓரத்தில் பென்சில் குறிப்பு. எதற்குப் பதில் எது போடலாம் என்ற பட்டியல்.

அதன் மதிப்பு தெரிய ஓர் உதாரணம் போதும். பழைய ஜப்பானிய செட்டில் 2எஸ்சி1815 போயிருக்கிறது. தோஷிபா அதை நிறுத்திவிட்டது. பிசி547 கையில் இருக்கிறது. வோல்ட்டேஜ் 50க்கு 45, மின்னோட்டம் 150க்கு 100 மில்லி ஆம்பியர். சிறு சிக்னல் வேலைக்குத் தாராளம். கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும் என்ற அளவு) குறியும் பொருத்த வேண்டும்: 1815ல் ஜிஆர் என்றிருந்தால் 200 முதல் 400, பிசி547ல் அதற்கு அருகில் வருவது பி குறி. இதுவரை டேட்டா ஷீட்டே சொல்லிவிடும். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்க, 1815ன் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே செருகினால் வேலை செய்யாது. முகத்தைத் திருப்பிப் போட்டால் எமிட்டர் சரியாக உட்காரும். மிச்ச இரண்டு காலும் குறுக்கே மாற வேண்டும், ஒரு காலுக்கு ஸ்லீவ் மாட்ட வேண்டும். நோட்டில் இது ஒரு வரிதான்: "1815க்கு 547பி, திருப்பு, பேஸ் குறுக்கு." அந்த ஒரு வரியை எழுத யாரோ ஒரு செட்டைச் சுட்டிருப்பார்கள்.

மூடும் வாரத்தில் இந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும். பென்சில் எழுத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வைத்தால் நன்றாகத் தெரியும். அடித்த வரிகளையும் விடக் கூடாது. எது ஒத்து வரவில்லை என்று தெரிவது, எது ஒத்து வரும் என்று தெரிவதற்குச் சமம். படங்களை மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். வாடிக்கையாளர் நோட்டைப் போல இதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

கடை இல்லாத பிறகு

ஒரு ஃபியூஸுக்காகத் திறந்த செட் மூன்று நாள் மேஜையில் கிடப்பதுதான் மெக்கானிக்குக்கு உடனே தெரியும் நட்டம். மேஜை அடைபடும், திருகு தொலையும், அனுப்பும் கூலி பாகத்தின் விலையைத் தாண்டும். நாலைந்து ஒர்க்ஷாப் சேர்ந்து மாதம் ஒரு முறை ஒரே ஆர்டராகப் போட்டால் கூலி பங்காகும். அதற்கு மேல், கையில் ஓர் அடிப்படை இருப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஸ்விட்சிங் பவர் சப்ளை பழுதுக்கு என்று வைத்தால்: 20 மில்லிமீட்டர் ஃபியூஸ் 1, 2, 3.15, 5 ஆம்பியர், வேகமானதும் தாமதமானதும் பத்துப் பத்து. 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டர்: 10, 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட்டில், 220, 470, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட்டில், பத்துப் பத்து. 16 வோல்ட் உள்ள இடத்தில் 25 போடலாம், உயரம் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். டிஎல்431, பிசி817 ஆப்டோகப்ளர், யுசி3842 ஐந்தைந்து. 1என்4007, யுஎஃப்4007, 1என்4148 ஐம்பது ஐம்பது. மெயின் லைனின் குறுக்கே போடும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் ஐந்து. 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடமானால் 10டி471 வேரிஸ்டர் பத்து.

கைவசம் உள்ளதைப் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் இந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் ஆபத்தாகும். யுஎஃப்4007 இருந்த இடத்தில் 1என்4007 போட்டால் பார்க்க ஒரே மாதிரி, ரேட்டிங்கும் அதே ஆயிரம் வோல்ட், ஒரு ஆம்பியர். முதலாவது 75 நானோ நொடியில் அணையும். இரண்டாவதுக்கு மைக்ரோ நொடிக் கணக்கில் ஆகும். வேக ஸ்விட்சிங்கில் அது சில நிமிடத்தில் கொதித்துச் சாகும். எக்ஸ்2 இருந்த இடத்தில் சாதா 400 வோல்ட் பாலியெஸ்டர் போட்டால் லைனில் வோல்ட்டேஜ் ஒரு முறை எகிறினாலே ஷார்ட் ஆகி எரியலாம். பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் கண்ணாடி ஃபியூஸ் போட்டால், பெரிய ஷார்ட்டின்போது கண்ணாடி சிதறும், மின்சாரம் அறுபடாமலும் போகலாம்.

டப்பாக்களை வாங்கிய அன்றே பெயர், மதிப்பு, வாங்கிய தேதி மூன்றையும் எழுதவும். கெப்பாசிட்டர் டப்பாவில் தேதி கட்டாயம். ஐந்து வருஷம் தாண்டியதைப் போடுவதற்கு முன் மேலே சொன்ன 1 கிலோ ஓம் சோதனைக்கு எடுக்கவும்.